துணிக்கொடி இருந்த இடம்

ஆரஞ்சு நிறத் தோட்டக்குழாயைப்
புல்மேல் வளைத்துப் போட்டோம்.
அதுதான் குளம். தண்ணீர் இன்னும் இல்லை.

முதல் நாள் பிர்ச் மரத்தடியில்.
"அழகாயிருக்கும்" என்றான் எம்ரிஸ்.
அக்டோபரில் அத்தனை இலையையும்
யார் அள்ளுவது என்றேன்.
குழாய் நகர்ந்தது.

வேலியோரம் முள்ளெலி வரும் வழி.
ஆனால் பக்கத்து வீட்டுக் கூரையின் நிழல்
மதியத்துக்குள் வந்து படுத்துக்கொள்கிறது.
சரிவின் அடியிலா?
ஹியூ தன் வயலில் தெளிப்பதெல்லாம்
மழையோடு இறங்கி வரும்.
வாசல் பக்கம் தபால்காரி விழுவாள்.

வேல்ஸில் வெயில், கடன் வாங்கியவன் மாதிரி;
எப்போது வருவான் என்று கேட்கக் கூடாது.

ஒன்பது நாள்.
புல்லெல்லாம் வெளிறிய வளையங்கள்.

பத்தாம் நாள் துணி உலர்த்தும்போது
கையில் ஒற்றைக் காலுறையோடு நின்றுவிட்டேன்.
பதினான்கு வருஷமாய்
என் போர்வைகளும் அவன் சட்டைகளும்
அளந்து வைத்திருக்கின்றன இந்த வெயிலை:
காலை எட்டிலிருந்து இரண்டு வரை.
சமையலறை ஜன்னலுக்கும் இதுதான் நேர்.

எம்ரிஸ் ஒன்றும் சொல்லாமல்
மண்வெட்டி எடுத்து வந்தான்.
ஒரு பக்கம் மட்டும் சரிவாய் வெட்டு என்றேன்,
தவறி விழுந்தது ஏறிப் போக.

இப்போது துணிகள் மாடிப்படிக் கைப்பிடியில்
காய்ந்தும் காயாமலும்.
கம்பங்களைப் பிடுங்க மனமில்லை.
கொடியில் மறந்துபோன ஒரு கிளிப்.

இரண்டாவது ஜூனில்
அதைப் பற்றிக்கொண்டு
உலர்ந்துகொண்டிருந்தது ஓர் ஊசித்தும்பி,
இறக்கையில் இன்னும் மடிப்புக் கலையாமல்.