இணைப்பு – 7

கோரிக்கை எண் மூன்று இப்படிச் சொல்கிறது:
"காற்றும் குளிரும் தாக்காவண்ணம்
உருகும் முனைகளைச் சூழ்ந்து ஒரு மூடி."
கோயம்புத்தூர் கம்பெனியின் கண்டுபிடிப்பு.
இருபது வருஷத்துக்கு அவர்களுக்கு மட்டும்.

அந்த மூடி ஒரு பிஸ்கட் டின்.
அடியை வெட்டி, பக்கத்தைப் பிளந்து,
உள்ளே கோணிச்சாக்கு வைத்துக் கட்டினேன்.
ஏற்காட்டுப் பாதை, பதினான்காவது வளைவு,
மார்கழி விடியல்.
ஹீட்டர் தட்டு இருநூற்றிருபது காட்டியது.
எடுத்து, முனையோடு முனை சேர்ப்பதற்குள்
காற்று வந்து நக்கிவிட்டுப் போகும்.
டின்னைக் கவிழ்த்த பிறகுதான்
குழாய்க்கு ஒழுங்காய் உதடு வந்தது.
ஆமாம், உதடு என்றுதான் சொல்வோம்.

வக்கீல் ஆபீஸ் ஐந்து ரோட்டில்,
செருப்புக் கடைக்கு மேலே.
"தேதி?"
ஜெனரேட்டர் கிளம்பாமல் அடம்பிடித்த நாள்.
"வருஷம், இன்னாசி, வருஷம்."
மகளை எல்கேஜி சேர்த்ததற்கு முந்தினது.
"யாராவது பார்த்தார்களா?"
குரங்குகள்.
சம்யுக்தா மேடம் பேனாவை மூடினார்.
"நாலு பேர் அறியச் செய்திருந்தால்தான் செல்லும்."

நாலு பேரா?
பத்தடி தள்ளி நின்ற சின்னாண்டியையே
அன்று எனக்குத் தெரியவில்லை.
இருமல் கேட்டுத்தான் ஆள் இருப்பதை அறிந்தேன்.
அவன் இப்போது மஸ்கட்டில்,
அங்கேயும் குழாய்தான் ஒட்டுகிறான்.
போன் போட்டால்
"எந்த டின்?" என்கிறான்.

மிச்சம் ஒரே சாட்சி மண்ணுக்குள்.
அந்த உதட்டில் ஒரு சணல் நார்
உருகிச் சிக்கியிருக்கும், எனக்குத் தெரியும்.
குழாய் வாரியத்தில் எழுதி வாங்கி,
அறுபது வீட்டுக்கு லாரித் தண்ணீர் சொல்லி,
ஆடிச் சாரலில் தோண்டினோம்.
இருந்தது.
வையாபுரி முதலாளி என் முதுகில் தட்டினார்,
பதினாலு வருஷத்தில் முதல் முறை.

ஒரு முழத் துண்டு அறுத்தேன்.
மேடம் அதைத் துணியில் சுற்றி
அரக்கு வைத்து, சீட்டு ஒட்டினார்:
இணைப்பு – 7.
சொட்டு ஒழுகாத இணைப்பு
காகிதக் கட்டோடு சென்னைக்குப் போகிறது.

இனி அந்த இடைவெளி.
புதுத் துண்டு, இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும்.
சாரல் சாய்ந்து அடிக்கிறது.
மூடி இல்லாமல் ஒட்டினால் ஒழுகும்.
மூடியோடு ஒட்டினால்
இடைக்காலத் தடையை மீறிய குற்றம்.

தட்டு சூடேறியது.
நான் டிபன் பாக்ஸ் பையிலிருந்து
டின்னை எடுத்தேன்.
முதலாளி திடீரென்று போனில் யாருக்கோ
ஹலோ ஹலோ என்றார்.
மேடம் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
பள்ளத்தாக்கைப் பார்த்தார்,
அங்கே பார்க்க ஒன்றுமில்லை,
ஒரே பனி.