பத்தாம் நம்பர்

எங்கள் ஷெட்டில் ஒரு கார் நிற்கிறது.
நம்பர் பிளேட் கிடையாது.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தில் மீட்டர் நின்றுவிட்டது.
எங்களுக்கு முன்னால் ஆறு பேட்ச்
அதன் வயிற்றைத் திறந்து மூடியிருக்கிறது.
சூரமங்கலத்தில் யாரோ தானமாகக் கொடுத்ததாம்.
இங்கே வந்த நாளிலிருந்து
அது போன அதிகபட்ச தூரம்
ஜாக்கியில் மேலே, இரண்டடி.

நான் பதினோரு வருஷம்
கடைவீதியில் புடவை எடுத்துப் போட்டவள்.
மயில்கழுத்தைக் காட்டுங்க என்பார்கள்.
காட்டி, விரித்து, மடித்து,
உட்காராமல்.
ஒருநாள் ஐந்து ரோடு பாலத்து உச்சியில்
ஸ்கூட்டி இருமி நின்றது.
தள்ளிக்கொண்டு போனேன். தொள்ளாயிரம் வாங்கினான்.
என்ன ஆச்சு என்றேன்.
‘சொன்னா உங்களுக்குப் புரியாதுக்கா.’

அந்த ஒரு வரிக்காகத்தான்
சமுதாயக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கினேன்.
வேறு லட்சியம் எதுவும் இல்லை.
முதல் மாதமே தெரிந்துபோயிற்று:
பிளக். நூற்றிருபது ரூபாய்.
அப்புறமும் ஏன் நின்றேன் என்று
வீட்டில் கேட்கிறார்கள்.

வகுப்பில் பதினெட்டுப் பேர்.
என்னைத் தவிர எல்லோருக்கும் மீசை
அல்லது மீசைக்கான முயற்சி.
செல்வநாயகி மிஸ் என்னைவிட ஏழு வயசு சின்னவள்.
அக்கா என்பதா பேர் சொல்வதா என்று
ஒரு வாரம் தடுமாறி
கடைசியில் ‘பதினேழு’ என்றாள்.
எனக்கும் அதுதான் சௌகரியம்.

ஜோடி வேலைக்கு வாய்த்தவன் கரியராமன்.
நாகலூரிலிருந்து தினமும்
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவன்.
பஸ்ஸில் முன்சீட்டைப் பிடித்துவிடுவானாம்.
பிரேக் சூடேறினால்
டிரைவருக்கு முந்தி அவன் மூக்குக்குத் தெரியும்.
கருகின வெந்தயம் மாதிரி என்பான்.
இல்லை, பட்டில் பதிந்த இஸ்திரிப்பெட்டி என்பேன் நான்.
பரீட்சைத் தாளில் இரண்டுக்கும் மார்க் இல்லை.

அவன் சக்கரத்தடியில், நான் பெடலில்.
அமுக்கு. அமுக்கு. அமுக்கிப் பிடி.
திருகைத் திறப்பான்; என் கால் இறங்கும்;
பிளாஸ்டிக் குழாயில்
கடுகுகடுகாய்க் காற்று வெளியேறும்.
மூடிட்டேன், விடு.
இவ்வளவு காற்றையா
நம்பிக்கொண்டு மலை இறங்கினார்கள் என்று
அன்று எனக்கு வயிறு குளிர்ந்தது.
நிற்காத வண்டியைவிட
நின்றுவிடும் என்று நினைக்க வைக்கும் வண்டி
மோசம்.

எந்த ஷெட்டிலும் நிலைக்காத ஒன்று உண்டு:
பத்தாம் நம்பர் சாக்கெட்.
பலகையில் எல்லாவற்றுக்கும் நிழல் வரைந்திருக்கும்.
பதினொன்று இருக்கும், எட்டு இருக்கும்,
பத்தின் நிழலில் வெறும் ஆணி.
மூன்றாவது முறை தொலைந்தபோது
ஆளுக்கு முப்பது ரூபாய் அபராதம்.
ஒரு சாயங்காலம் எல்லோர் பையையும் கொட்டச் சொன்னாள் மிஸ்.
என் பையை மட்டும் பார்க்கவில்லை.
மரியாதையா,
கணக்கிலேயே சேர்க்கவில்லையா?
அம்மாப்பேட்டை பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போய்
ஒரு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கினேன்.

பரீட்சையன்று அதே கார்.
ஒரு கோளாறை ஒளித்து வைத்திருக்கிறோம்,
இருபது நிமிஷம், கண்டுபிடி என்றார் வெளியாள்.
ஸ்டார்ட் செய்தேன்.
இன்ஜின் ஒரு பக்கம் நொண்ட,
அதற்கும் அடியில்
கொலுசு மாதிரி ஏதோ கிணுகிணுத்தது.
நொண்டலை விட்டுவிட்டுக் கிணுகிணுப்பின் பின்னால் போனேன்.
படுத்து, நகர்ந்து, கையை விட்டு,
அடித்தட்டைக் கழற்றினால்
கரியும் எண்ணெயுமாய்
ஒன்றல்ல, இரண்டு
பத்தாம் நம்பர்.

‘அது கேள்வியில் இல்லையேம்மா’ என்றார் வெளியாள்.
ஒளித்து வைத்தது காயிலில் தளர்ந்த ஒரு சொருகி.
நேரம் முடிந்தது.
ஐம்பதுக்கு இருபத்தாறு.
செல்வநாயகி மிஸ் இரண்டையும் துடைத்து
ஒன்றை நிழலில் மாட்டினாள்,
ஒன்றை டிராயரில் பூட்டினாள்.
முப்பது ரூபாயைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த வாரமே
நிழலில் மறுபடி வெறும் ஆணி.
யாரும் கேட்பதற்குள்
என் பையை மேசைமேல் கவிழ்த்தேன்.
டிபன் பாக்ஸ், பஸ் டிக்கெட்டுகள்,
கிரீஸ் அப்பிய கைக்குட்டை,
ஒரு தட்டுவடைப் பொட்டலம்.
மிஸ் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்,
டிபன் பாக்ஸைத் திறந்தும் பார்த்தாள்.
‘சரி, பதினேழு’ என்றாள்.

தட்டுவடையைக் கரியராமன் எடுத்துக்கொண்டான்.