எழுதியவர்

சங்காட் ஜோங்கில் ஆறு வடிந்த மூன்றாம் நாள்
கோயில் அலமாரியைத் திறந்தோம்.
மறைநூல்கள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி,
செம்பனைக் குலைபோலக் கனத்தன.

நான் ஆலையில் லோரி நிறுப்பவள்.
சுமையோடு ஒருமுறை, வெறுமையாய் ஒருமுறை;
இடையில் நிற்கும் எண்ணுக்குத்தான் காசு.
பழக்க தோஷம், இவற்றையும் நிறுத்தேன்:
நாற்பத்தொரு கிலோ.
பாதி ஆற்றுத் தண்ணீர்.

நிவாரணப் படிவத்தில் ‘எழுதியவர்’ என்றொரு கட்டம்.
சேறு வழித்துக்கொண்டிருந்த குருக்கள்
நிமிராமலே சொன்னார்:
“யாரும் எழுதலம்மா. கேட்டாங்க.”
யாரிடம் என்றேன்.
“அதையுந்தான் கேட்டாங்க.”

கேள்வி என்று அதற்கொரு பழம்பெயர்.
காதில் விழுந்ததும் கேள்வி,
விடை வராமல் தொண்டையில் நிற்பதும் கேள்வி.

அன்றிரவு மின்சாரம் இல்லை.
லோரியோடு ஆற்றில் போன குணாளனின் மனைவி
படியேறி வந்து,
“அவருக்கு ஏதாச்சும் சொல்லுங்க சாமி” என்றாள்.
புத்தகம் இல்லை, விளக்கும் இல்லை.
சொன்னார்.
தவளைகள் ஓய்ந்து ஓய்ந்து கத்தின.
நடுவில் ஓரிடத்தில் அவருக்கே தடுமாறி, மறுபடி முதலிலிருந்து.
எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை;
அவளுக்கும் புரிந்திருக்காது.
ஆனால் நிறுத்துப் பழகிய கண் எனக்கு:
ஏறி வந்த தோள் வேறு,
படியிறங்கிய தோள் வேறு.

மறுநாள் படிவத்தைக் கொடுத்தேன்.
எழுதியவர் கட்டம் காலி.
விலைக்கும் அப்படியே.