பாதிக் காம்போதி

நூற்றுப் பதினாலு கசற்.
மூன்று பிஸ்கட் பெட்டி, பழைய சாரமொன்றில் சுற்றி
உட்துறைமுக வீதியில் என் கடை மேசையில்.
வாசலில் நின்ற மான் வந்து மணந்து பார்த்தது,
பிஸ்கட் இல்லை, போய்விட்டது.

துறைமுகத்தில் பொதி எண்ணும் எழுத்தராய் இருந்த
அருமைத்துரை கோடு போட்டு எழுதிய பட்டியல்:
இலக்கம், திகதி, இராகம், குறை.

குறை என்றொரு நிரல்.
மற்றவர்கள் பாடகர் பெயர் எழுதுமிடத்தில்
அவர் எழுதியது:
மழை.
நாய்.
தனி ஆவர்த்தனத்தில் பற்றரி இறக்கம்.
பாடியவர் பெயர் கடலுக்குள் போய்விட்டது.

உண்மைதான். திருச்சி நிலையம்
இரவில்தான் கடல் தாண்டி வரும்.
அலை ஏறினால் தோடி ஏறும்,
இறங்கினால்
காந்தாரத்தில் கால் வைத்த குரல் மணலுக்குள் புதையும்.
மறுபடி எழும்போது பாட்டு வேறெங்கோ நிற்கும்.
நடுவில் போனதை மென்பொருள் ஊகித்து நிரப்புமாம்.
அதை அணைத்து வைத்திருக்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து மகள் வினோதா
குரல் பதிவொன்று அனுப்பியிருந்தா:
"கச்சேரி மட்டும் காணும் அண்ணை.
செய்தி வந்தால் வெட்டிப்போடுங்கோ."

அவரும் வெட்டியவர்தான்.
மணி ஒலிக்கும், விரல் பொத்தானைத் தேடும்.
தேடுகிற மூன்று நொடி, நாலு நொடிக்குள்
நுழைந்துவிட்டவை:

கரையோர மக்கள் மேட்டு நிலங்களுக்கு
கோதுமை மாவின் விலை இன்று நள்ளிரவு
கோட்டையிலிருந்து புறப்பட்ட திருகோணமலை ரயில்
மறு அறிவித்தல் வரை
மறு அறிவித்தல் வரை
மறு

எறிய மனம் வரவில்லை.
துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன்.
பதினாறு வருடம்,
ஆறு நிமிடம் நாற்பது நொடி.
தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடுகிறது.
புயலைச் சொன்ன குரலும்
கிரிக்கெட் ஓட்டங்களைச் சொன்ன குரலும்
ஒரே இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே கிடந்தவை.

கம்பி பூட்டத் தெரியாத மனிதர்,
வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பிடித்திருக்கிறார்.
அதனால் அறையும் வந்திருக்கிறது.
பல்லி. எண்ணெயில் விழுகிற கடுகு.
டச்சுக் குடாப் பக்கத்துக் காகம்.
இருபத்தேழாம் கசற்றில் மூதூர் லோஞ்சின் ஊதல்
தம்புராவின் பஞ்சமத்தில் பிசகாமல் வந்து உட்கார,
யாரோ வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

அறுபத்தோராவது.
திகதி: 83 ஆடி. இராகம்: காம்போதி, பாதி.

கொழும்பு நிலையம். கடல் இல்லை, துல்லியம்.
மேல் ஷட்ஜத்தைத் தொடக் குரல் மூச்செடுக்கிறது.
மணி.
செய்தி.

விரல் வரவில்லை.

நாலு நொடி. நாற்பது. நாடா சுற்றுகிறது.
ஊரடங்கு நேரங்கள், மாவட்டம் மாவட்டமாய்.
கதிரை இழுபடுகிறது.
ஜன்னல் கொளுக்கி ஒன்று, இரண்டு,
ஐந்து வரை எண்ணினேன்.
பிறகு நிலையத்தில் யாரோ அவசரத்தில் எடுத்துப் போட்ட
வீணை இசைத்தட்டு, முடிந்ததும் அதே தட்டு,
மறுபடி அதே தட்டு.
மைக்குக்கு மிகக் கிட்ட ஒரு பெண்:
"மிச்சப் பாட்டு போடுவினமோ?"
"போடுவினம். பொறு."

பதினேழாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை இருமுகிறது.
தண்ணீர் வார்க்கிற சத்தம்.
நாடா தீருமட்டும் அவர் நிறுத்தவில்லை.
பாட்டு வரவுமில்லை.

பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.
நாயையும் மழையையும் விடாமல் எழுதியவர்
அறுபத்தொன்றுக்கு நேரே, குறை நிரலில்,
ஒன்றும் எழுதவில்லை.

வினோதாவுக்கு அப்போது
நாலு வயதோ ஐந்தோ. நான் கேட்கவில்லை.
அந்தக் கோப்பை மட்டும் வெட்டாமல் அனுப்பினேன்.
பற்றுச்சீட்டில் எழுதினேன்:
காம்போதி ஒன்று, பாதி விலை.