பத்தாவது விதிக்குக் கீழே

பத்து விதிகளையும் எழுதியவள் நான்.
கையெழுத்துக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை,
பென்சில் என்னிடம் இருந்தது.
லெமுய் தீவின் பிப்ரவரி மழையில்
பேனா எடுபடாது.

பிளாஸ்டிக் உறையில் இட்டு
அர்ரயான் மரத்தில் கயிற்றால் கட்டினோம்.
மரத்தில் ஆணி அடிக்காதே: அது மூன்றாவது.

ஒரு விசில் கேட்டால் நில்.
இரண்டு கேட்டால் ஓடி வா.
கத்தியைக் கொடுக்கும்போது பிடியை முன்னால் நீட்டு.
நெருப்பை அணைத்த பிறகு
சாம்பலில் உள்ளங்கையை வை,
சுட்டால் நீ இன்னும் அணைக்கவில்லை.
உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவை
(இது எடிசன் சேர்த்தது. அந்த வாரம்
தோல் சீவும் முறை அவனுடையது).

ஏழாவதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்:
விளக்கணைந்த பின் கரைக்குத் தனியே போகாதே.
இங்கே கடல் ஆறு மீட்டர் ஏறும்.
மாலையில் நாம் மட்டி பொறுக்கிய இடத்தில்
நள்ளிரவில் படகு மிதக்கும்.

நான்காம் நாள் விடியலில்
கரையிலிருந்து வந்தான் ரொசாமெல்.
பன்னிரண்டு வயது. பூட்ஸ் நிறையக் கடல்.

மரியாதை மன்றம் கூடியது.
நான்கு அணித்தலைவர்கள், கவிழ்த்த கூடைகள்மேல்.
பெரியவர்கள் அங்கே வாய் திறக்கக் கூடாது,
பாரியா ஓரமாய் உட்கார்ந்து
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஏன் போனாய்?
பூட்ஸ் கயிற்றைப் பார்த்தான்.
யாரும் கூட வந்தார்களா?
கயிற்றையே பார்த்தான்.
"சாரணரின் சொல் நம்பத்தக்கது" என்று
முதல் விதியை எடுத்து நீட்டினாள் மரிட்சா,
கூர்ப்பக்கம் முன்னால் இருக்க.

அப்போது என் கண்ணில் பட்டது
கூடாரத்தின் பின்னால் நால்க்கா இலைகளுக்கு அடியில்
மடித்து மறைத்த உறக்கப்பை.
கூடாரம் ஒழுகவில்லை. நேற்று மழையும் இல்லை.
நடுப்பகுதி மட்டும் அலசிப் பிழிந்திருந்தது,
மணல் ஒட்டியிருந்தது.
எனக்கு ஒரு தம்பி உண்டு.
அந்த மடிப்பு எனக்குத் தெரியும்.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் தண்டனை போகும்,
முகாம் முடியும்வரை ஒரு பட்டப்பெயர் வரும்.
உண்மை பேசு என்கிறது முதல் விதி.
எல்லா உண்மையையும் எல்லார் முன்னும் என்று
எழுதக் காகிதத்தில் இடமில்லை.

"மூன்று வேளைப் பாத்திரம்" என்றேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
விதியே என்று எழுந்து போனான்.
அடிப்பிடித்த பானையை மணல் போட்டுத் தேய்த்தான்,
கேள்விகள் நின்றுவிட்ட நிம்மதியோடு.

இடப்பக்கம் சுக்காவ் குருவி கத்தினால்
காரியம் கெடும் என்பார்கள் எங்கள் தீவுகளில்.
அன்று இரு பக்கமும் கத்தித் தீர்த்தது.

இரவு இரண்டு மணிக்கு
காதடியில் கைக்கடிகாரம் துடித்தது.
ரொசாமெலின் பாதத்தைத் தட்டினேன்.
"வெளியே போகணும். பயமா இருக்கு. துணைக்கு வா."
பொய். முதல் விதியில் ஒரு கீறல்.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்
வீரன் போல.
"வந்ததுதான் வந்தோம்" என்று
அவனும் ஒரு மரத்தின் பின்னால் போனான்.
நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அது எங்கள் காலடிவரை வந்திருந்தது.

காலையில் உறையைப் பிரித்தேன்.
பத்தாவதுக்குக் கீழே இரண்டு விரல் இடம்:

*இரவில் எழுகிறவர் ஒருவரை எழுப்பலாம்.
எழுப்பப்பட்டவர் ஏன் என்று கேட்கக் கூடாது.*

"யார் ஒப்புதல் தந்தது?" என்றாள் மரிட்சா.
நியாயமான கேள்வி.
மன்றம் கூட்டி வாக்கெடுத்தோம்: மூன்றுக்கு ஒன்று.
எதிர்த்த வாக்கு அவளுடையது.
உறையைத் திருப்பிக் கட்டியதும் அவள்தான்,
என் முடிச்சைவிட இறுக்கமாக.

காகிதம் ஈரம்.
பென்சில் ஓரிடத்தில் கிழித்துவிட்டது.
எண் போட மறந்துவிட்டேன்.