நானூறு லிட்டர்

மே இருபத்தெட்டு. படகைக் கரையேற்றியாயிற்று.
மஜ்காவ் ஷெட்டில், மரக்கட்டைகளின் மேல்,
கடலில் யாரும் பார்த்திராத அடிவயிறு தெரிய
நிற்கிறது கேர்சி சேட்டின் 'ஷிரீன்'.
இனி நாரளி பௌர்ணமி வரை
தண்ணீர் அவளுக்கு வானத்திலிருந்துதான்.

சேட் போனில் சொல்கிறார்:
டேங்கைக் காலி பண்ணிவிடு பால்துரை.
மூன்று மாதம் அவ்வளவு டீசலை யார் காவல் காப்பது?

நிரப்ப வேண்டும் சேட், என்கிறேன். கழுத்து வரை.
சூட்டில் பொங்கினால் தங்க
மேலே நான்கு விரல் இடம் போதும்.
காலி டேங்க் காலியாக இருப்பதில்லை,
காற்று வந்து குடியேறிவிடும். மழைக்காற்று.
வெயில் எட்டிப் பார்க்கிற மதியம் தகடு சுடும்,
ராத்திரி குளிரும்,
உட்சுவர் முழுக்க வியர்த்து
சொட்டுச் சொட்டாக அடிக்கு இறங்கும்.
தண்ணீர் கனம். டீசல் அதன் மேலே மிதக்கும்.
இரண்டும் தொடுகிற அந்த மெல்லிய கோட்டில்
ஒன்று முளைக்கும் சேட்.
பெயர் எனக்குத் தெரியாது.
கறுப்பாக இருக்கும், கெளுத்தி மாதிரி வழுக்கும்.
ஆகஸ்டில் சாவியைத் திருப்பும்போது
முதல் வாய் அதைத்தான் குடிக்கும் உங்கள் எஞ்சின்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு,
எவ்வளவு ஆகும்?

நானூறு லிட்டர். முப்பத்தாறாயிரம்.

என் இரண்டு மாதச் சம்பளத்தை
என் வாயாலேயே சொல்லி முடித்தேன்.
அவர் கேட்காத கேள்வியும்
எனக்குக் கேட்டது.

அதில் தப்பில்லை. போன வருஷம் மூன்றாம் ஷெட்டில்
ஒருவன் கேன் கேனாக இறக்கி விற்றான்,
இறக்கிய அளவுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினான்.
குச்சி விட்டுப் பார்த்தால்
மட்டம் மயிரிழை பிசகவில்லை.

தாண்டேல் கைவண்டியில் பீப்பாய் தள்ளி வந்தான்.
துணி வடிகட்டி போட்டு ஊற்றினோம்.
மருந்தைப் புட்டிக் கோட்டுக்கு அளந்து விட்டோம்.
டேங்கில் மட்டும் மருந்து இருந்து என்ன,
குழாய்க்கும் ஃபில்டருக்கும் போய்ச் சேர வேண்டாமா?
எஞ்சினுக்குக் குடிக்க ஒரு டிரம் நல்ல தண்ணீர் வைத்து
தரையிலேயே பத்து நிமிஷம் ஓட்டினோம்.
கடலில்லாமல் அவள் உறுமினதைக் கேட்டு
ஷெட் நாய் எழுந்து போய்விட்டது.

அப்புறம் மழை.

ஆண்டாப் ஹில்லில் என் வீட்டுச் சுவர் வியர்த்தது.
காலண்டரின் முதுகில் பூஞ்சை பிடித்தது.
ஸ்கூட்டர் ஜூலை முழுக்க ரிசர்வில் ஓடியது,
இறக்கத்தில் அணைத்து, ஏற்றத்தில் இறங்கித் தள்ளி.
நானூறு லிட்டருக்குக் காவல்காரன் நீ,
என்றாள் ஜெபமணி.
டீசல் இந்த வண்டிக்கு ஆகாது, என்றேன்.
ஆகுமென்றால்?
சிரிக்கத்தான் கேட்டாள். சிரித்தோம்.
சிரித்து முடித்த பிறகும்
கேள்வி அறையில் கொஞ்ச நேரம் இருந்தது,
ஈரத்துணி மாதிரி.

ஷெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.
காற்றுக் குழாயின் வாய் மழைக்கு முதுகு காட்டியிருக்கிறதா,
அவ்வளவுதான் பார்க்க வேண்டியது.
பார்த்துவிட்டு ஏனோ
டேங்கை ஒரு தட்டு தட்டுவேன்.
நிறைந்த டேங்க் எதிரொலிக்காது.

ஆகஸ்டில் பித்தளைக் குச்சி நுனியில் பசை தடவி
அடி தொட விட்டேன். தண்ணீர் இருந்தால் சிவக்கும்.
சிவக்கவில்லை.
அடி வால்வைத் திறந்து
கண்ணாடி டம்ளரில் பாதி பிடித்தேன்,
ஷெட் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கினேன்.
மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். கோடு இல்லை.

படம் எடுத்து சேட்டுக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

டம்ளரில் இருந்ததை
புனல் வைத்துத் திரும்ப ஊற்றினேன்.
கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.
நான்கு விரல்.
காலி அவ்வளவுதான்.