கொடுக்கு

நூற்று எண்பத்தாறு கிராம்,
அதன்மேல் ஒரு சிட்டிகை.
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தியும்
கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கிறது.
மின்விசிறியை நிறுத்தினேன்.
பாளையங்கோட்டை மே மாதம்
முதுகில் ஏறி உட்கார்ந்தது.

எண்ணூறு மில்லி வாலைவடிநீரில் கொட்டினால்
கரையாது, தெரியும்.
காந்தக்குச்சி அடியில் சுற்றச் சுற்ற
சுண்ணாம்புப் பால்போல் அலையுமே தவிர
ஒரு மணியும் இறங்கிவராது.
காரம் வேண்டும் அதற்கு.
ஜவ்வரிசி அளவு சோடியம் ஹைட்ராக்சைடு,
ஒன்று. இன்னொன்று. பொறு.
பி.எச். நாலரை, ஐந்து, ஆறேகால்.
ஏழு தாண்டியும் வெள்ளை.
எட்டை நெருங்கும்போது
பீக்கருக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில்
தேதி தெரிந்தது.

கொடுக்கிணைப்பு என்று பாடத்தில் பெயர்.
நண்டுக்கு இருப்பதுதான் கொடுக்கு, தேளுக்கும்.
ஆறு கைகள் வரைந்து, நடுவில் கால்சியத்தை வைத்து,
பிடிக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.
பிடிக்கவில்லை, கொடுக்கிறது.
எலக்ட்ரான் இரண்டிரண்டாக, ஆறு தடவை.
கொடுத்துக் கொடுத்தே அசையவிடாமல் கட்டிப்போடும்.
எங்கள் ஊர்க் கந்துவட்டிக்கும் அதே வேதியியல்.

மார்ச்சில் செய்தது வேறு.
குப்பி மாறி வந்திருந்தது. உள்ளே சோடிய உப்பு,
என் தலைக்குள் பழைய அமிலத்தின் எடை,
இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
நூற்று நாற்பத்தாறு கிராம்தான் போட்டேன்.
அதுவும் எட்டில் தெளிந்தது,
அழகாகவே தெளிந்தது.
தெளிந்ததால் நம்பினேன்,
கால்சியம் கார்பனேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல்.
அன்றைக்கு மின்வெட்டு, மகனுக்குக் காய்ச்சல்,
இதற்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

வலுக்குறைந்த கரைசல் கூடுதலாகச் செலவாகும்.
செலவானால் தண்ணீர்மேல்தான் பழி.
திசையன்விளைக்குத் தெற்கே சொக்கன்விளை,
அடிபம்பு, மாதிரி நாற்பத்தொன்று:
நானூற்றுத் தொண்ணூறாக இருந்ததை
அறுநூற்று இருபத்துநாலு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அறுநூறு எல்லை.
பம்பின் தலையில் சிவப்பு அடித்துவிட்டார்கள்.

அன்று முதல் லாரித் தண்ணீர், குடம் பத்து ரூபாய்.
"பருப்பு வேகாதுதான், சோப்பு நுரைக்காதுதான்,
ஆனா இத்தன வருசம் அதத்தானே குடிச்சோம்"
என்றார் பம்பு பார்க்கும் பால்துரை,
நான் கேட்டனுப்பிய புது மாதிரியை
சோடா பாட்டிலில் கொண்டுவந்து வைத்து.
ஏன் மறுபடி என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை, உடனே.

அம்மோனியா நெடி கண்ணில் ஏற
குடுவைக்குள் மாதுளைச் சிவப்பு.
பியூரெட்டின் திருகை விரல்நுனியில் வைத்து விட்டேன்.
இருபது மில்லி, சிவப்பு.
இருபத்துநாலு, ஊதாவா, என் கண்ணா?
இருபத்துநாலரையில் ஒரு சொட்டு.
நீலம்.
பால்துரை "அட" என்றார்.
அப்போதுதான் சொன்னேன்.

அவர் பாட்டிலின் மூடியை
வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தார்.
"கூட்டிக் கணக்குப் பாத்தா எவ்வளவு துட்டு" என்று
தனக்குத்தானே கேட்டு
கணக்கை முடிக்காமல் விட்டுவிட்டார்.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.
கடிதம் அனுப்புங்க மேடம், கமிட்டி கூடணும்.
அப்புறம் பெயின்ட், சிவப்பு இருக்கு,
நீலம் இருப்பு இல்ல.

புது இருப்புக் கரைசலுக்குச் சீட்டு ஒட்டினேன்.
தயாரித்தது: மு. ஆவுடைநாயகி. தேதி.
முன்னூற்று எழுபத்திரண்டு புள்ளி இரண்டு நாலு,
அடியில் கோடு, அதன் அடியில் இன்னொரு கோடு.
பழைய கரைசலைத் தொட்டியில் கவிழ்த்தபோதும்
அது தெளிவாகத்தான் இருந்தது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பால்துரையிடம்
நீல எனாமல் அரை லிட்டர்
மார்க்கெட்டில் என்ன விலை இருக்கும் என்று கேட்டேன்.